காயங்களைக் கழுவின சிறைச்சாலைக்காரன்

வேதபாடம்: அப்போஸ்தலர் 16:19–40



பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனின் மனந்திரும்புதலைப் பற்றி அநேக பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த இரவில் அவன் செய்த ஒரு காரியத்தை எளிதாய்க் கடந்துவிடுகிறோம். பவுல், சீலா ஆகியோரின் புண்களை அவன் கழுவினான். அவர்களுடைய கால்களைத் தொழுமரத்தில் மாட்டினவனும் அவனே.

1. தீர்ப்புக்கு முன்னே சிகிச்சை

அவர்களை விடுவிக்கும் உத்தரவு பொழுது விடிந்த பின்புதான் வந்தது. அவன் அதற்காகக் காத்திருக்கவில்லை. விசாரணை இல்லாமலே தாங்கள் அடிக்கப்பட்டதாகப் பவுல் முறையிடுகிறார் (வச. 37). நம் தேசத்துச் சிறைகளில் 2022 முடிவில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பங்கினர். தண்டனை பெற்றவருக்கும் சிகிச்சை உரிமையே. வெளியே உள்ளவர்களுக்குக் கிடைக்கும் அதே தரமான வைத்தியம் கைதிக்கும் கிடைக்கவேண்டும் என்பது, ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் ஒன்று.

2. சங்கிலிக்கு முன்னே முகம்

சில வருடங்களுக்கு முன் காசநோயுள்ள ஒரு வாலிபனைக் காவலுடன் எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவன் கால் கட்டிலோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஜெபிக்கப் போன நான் முகத்தைப் பார்க்குமுன் சங்கிலியைப் பார்த்தேன். "இவன் என்ன செய்தானோ" என்பதே என் முதல் எண்ணம். அவனோ, "ஐயா, நான் இங்கே இருக்கிறது அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான். நான் வெட்கப்பட்டேன்.

நீதிபதியின் உத்தரவின்றிக் கைதிக்கு விலங்கிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அஸ்ஸாமில் மருத்துவமனைக் கட்டிலில் விலங்கிடப்பட்டவர்களைப் பற்றிய வழக்கு அது. எங்கள் டாக்டர் இதை மேலதிகாரியிடம் பணிவாய் எடுத்துச் சொன்னார். மறுநாள் சங்கிலி அவிழ்ந்தது.

3. வாசலுக்கு அப்பாலும் கவனிப்பு

சிறைச்சாலைக்காரன் காயங்களைக் கழுவினதோடு நிறுத்தாமல், அவர்களை வீட்டுக்கு அழைத்துப்போய் உணவளித்தான் (வச. 34). இங்கேதான் நாங்கள் தவறினோம். காசநோய் மருந்தைக் குறைந்தது ஆறு மாதம் தவறாமல் சாப்பிட வேண்டும். இடையில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத நோயாக மாறக்கூடும். அந்த வாலிபன் மூன்றாம் மாதத்தில் ஜாமீனில் போய்விட்டான். நாங்கள் விலாசம் வாங்கி வைக்கவில்லை. தேடினோம், காணவில்லை.

இன்று, காவலுடன் வரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளிலேயே வீட்டு விலாசத்தையும், அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தையும் கேட்டு எழுதுகிறோம். நிக்ஷய் பதிவு எண்ணைச் சீட்டில் குறித்துக் கையில் கொடுக்கிறோம். அந்த எண் இருந்தால் வேறு ஊரிலும் சிகிச்சையைத் தொடரலாம். வீடு தேடிப் போகிற ஊழியரின் பஸ் கட்டணத்துக்கும் உங்கள் காணிக்கை உதவுகிறது.

சிந்திக்க: நம் சபையில் யாருடைய பிள்ளையாவது சிறையில் இருந்தால், அந்தத் தாய் அதை நம்மிடம் சொல்லத் துணிவாரா?

ஜெபிக்க: பெயர் சொல்ல முடியாத அந்த வாலிபனுக்காக, சிறை மருத்துவர்களுக்காக, காவலர்களுக்காகவும்.