விரிவாக்கச் சிப்பந்திகளும் புதிய யந்திரங்களும்

குமணன்சாவடியில் நின்று சுற்றிலும் நோக்குவோர்க்கு இப்போது வயலைக் காட்டிலும் வீடுகளே மிகுதியாகத் தென்படும். ஆயினும் அதனை அடுத்த பூவிருந்தவல்லி, திருவள்ளூர் ஜில்லாவின் 14 வட்டாரங்களுள் ஒன்றாகும்; அவ்வட்டாரத்தில் நெற்சாகுபடி இன்னும் அற்றுப்போகவில்லை. இத்தகைய இடங்களில் ஊழியம் புரியும் உதவி வேளாண்மை அலுவலர், கிடங்குப் பொறுப்பாளர் முதலியோர் கைக்குச் சில ஆண்டுகளுக்குள் பல புதிய கருவிகள் வந்து சேர்ந்துள்ளன. 2018 மார்ச்சுக்குள், மானிய உரத்தை விரல்ரேகை பதியும் யந்திரத்தின் வாயிலாகவே விற்கும் ஏற்பாடு தேசமெங்கும் அமலுக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் உழவன் செயலி வெளியாயிற்று. 2024 ஆகஸ்டு 15-இல், நிழற்படத்தைக் கண்டு செயற்கை நுண்ணறிவினால் பூச்சிநோயை இனங்கூறும் கண்காணிப்பு முறையை மத்திய அரசாங்கத்தார் தொடங்கினர். பயிர்க் கணக்கும் ஏட்டை விட்டுக் கைப்பேசிக்கு மாறி வருகின்றது.

கருவியை வழங்குவது ஒரு நாள் வேலை. அதனைச் சிப்பந்திகள் பிழையின்றிக் கையாளப் பழகுவதற்கு ஒரு போகமாவது வேண்டும். இவ்வுண்மையை மறந்த இடங்களில் யந்திரம் பெட்டிக்குள் உறங்கும். அல்லது, அதனினும் தீதாக, யந்திரம் சொன்னதே வேதமாகிவிடும்.

இதற்கு நெற்பயிரின் மஞ்சள் நிறத்தைக் காட்டிலும் தக்க உதாரணம் இல்லை. தழைச்சத்துக் குறைந்தாலும் இலை மஞ்சளிக்கும். துங்ரோ நோய் கண்டாலும் மஞ்சளிக்கும். துத்தநாகம் போதாத நிலத்திலும் பயிர் வெளிறும். தழைச்சத்துக் குறைவாயின் அடி இலைகள் முதலில் வெளிறி, வயல் பெரும்பாலும் ஒரே சீராகக் காணும். துத்தநாகக் குறைவு நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் கீழ் இலைகளில் துருப்போன்ற பழுப்புப் புள்ளிகளாய்த் தோன்றும். துங்ரோவாயின் பயிர் குட்டையாகித் தூர் குறைந்து, இலை நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள் இறங்கும். வயலில் ஆங்காங்கே திட்டுத்திட்டாய் நிற்கும். இந்நோயைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. துங்ரோவைத் தழைச்சத்துக் குறைவென்று எண்ணி யூரியா இட்டால் நோய் தீராது. செழித்த தழை பூச்சிக்கே விருந்தாகும். குடியானவர் உரத்தின் விலையையும் இழந்து, விளைச்சலையும் இழப்பார்.

ஓர் இலையை நெருங்கி எடுத்த நிழற்படத்தில் வயலின் திட்டுகள் தெரியா. பயிரின் உயரமும் தெரியாது. ஆதலின் செயலியின் விடையை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் தகாது. வட்டாரத்துச் சிப்பந்திகள் எல்லாரும் ஒரே வயலில் கூடி, செயலியைத் திறக்குமுன் தத்தம் முடிவைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுதல் நலம். பின்னர்ச் செயலியின் விடையைப் பார்த்து, இரண்டையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் தேதியுடன் பதிய வேண்டும். இரண்டும் மாறுபடுமிடத்து திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தாரைக் கேட்டு, சரியான விடையையும் பக்கத்தில் எழுதுக. ஒரு போகம் கழிந்தபின், எந்நோயில் செயலி தவறுகின்றது, எதில் சிப்பந்திகளின் கண் தவறுகின்றது என்பது அப்புத்தகத்திலேயே விளங்கும். கண்ணும் தவறும் என்பதை மூத்த அலுவலர்கள் மனம் வருந்தாது ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்பழக்கம் புதிதன்று. இலை வண்ண அட்டை வந்தபோதும் சூரியனுக்கு முதுகு காட்டி, உடலின் நிழலில் இலையை வைத்து, ஒரே வேளையில், ஒருவரே பார்க்க வேண்டுமென்று கற்பிக்க நேர்ந்தது. நாலணாப் பெறாத அட்டைக்கே அத்தனை விதிகள் வேண்டியிருந்தன.

கைப்பேசியில் இளையவர் தேர்ந்தவர். பயிரில் மூத்தவர் தேர்ந்தவர். இருவரையும் இணைத்து ஊர்களுக்கு அனுப்பினால் ஒருவர்க்கொருவர் ஆசிரியராவர். தம் உத்தியோகத்தை யந்திரம் விழுங்கிவிடுமோ என்னும் அச்சம் சிலரிடம் உண்டு. யந்திரம் எதற்கு வந்தது, எதற்கு வரவில்லை என்பதை மேலதிகாரி முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எத்தனை படம் அனுப்பினர் என்பதை வைத்து ஊழியத்தை அளந்தால், எண்ணிக்கையை நிரப்புதற்பொருட்டே படங்கள் வரும். அவற்றால் ஒருவர்க்கும் பயனில்லை.

1998-இல் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரை நடுவாக வைத்து, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கிராம அறிவு மையங்களைத் தொடங்கினர். கணிப்பொறியை நடத்த வெளியூரார் வரவில்லை. அவ்வக் கிராமத்தாரே, பெரும்பாலும் பெண்கள், பயிற்சி பெற்று நடத்தினர். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தைப் பற்றிய முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் தமிழில் கூறப்பட்டது. படகு இறக்கலாமா கூடாதா என்பதற்கு விடை கிடைத்தமையால் மீனவர்கள் யந்திரத்தை விரும்பினர்.

கிடங்கிலும் இவ்வாறே. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலின் ரேகையை யந்திரம் பலகால் ஏற்பதில்லை. 2020 முதல் கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கொண்டும் உறுதிசெய்ய வழி ஏற்பட்டது. இதனை அறியாத பொறுப்பாளர் குடியானவரைத் திருப்பி அனுப்ப, அவர் மேலுரம் இடும் நாளைத் தவறவிடுவார்.

பயிர்க் கணக்கில் குமணன்சாவடிப் பக்கத்திற்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. நகரம் பரவும் இடங்களில் பதிவேட்டில் நஞ்செய் என்றிருக்கும். நேரில் மனைக்கல் நட்டிருக்கும். உட்பிரிவு எண் ஒன்று பிசகினாலும் ஒருவர் பயிர் மற்றொருவர் பேரில் ஏறும். வெள்ளச் சேதத்தின்போது உரியவர்க்கு நிவாரணம் கிட்டாது. ஆகவே பதிவை முடிக்குமுன் எண்ணையும் பரப்பையும் நிலத்துக்காரருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுக. 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் வேளாண் கல்லூரி மாணவர்களை இக்கணக்கெடுப்புக்கு அனுப்பியபோது கண்டனம் எழுந்தது. ஊரறியாதவரைக் கொண்டு விரைவாக முடிப்பதிலும், ஊரறிந்தவர்க்குக் கருவியும் அவகாசமும் அளித்துச் சற்றுத் தாமதமாக முடிப்பதே மேல்.

பயிற்சியைச் சொர்ணவாரி அறுவடைக்கும் சம்பா நடவுக்கும் இடைப்பட்ட நாட்களில் வைத்துக்கொள்ளலாம். நடவு வாரத்தில் சிப்பந்திகளைக் கூட்டத்திற்கு அழைத்தால் அவர்கள் மனம் வயலிலேயே இருக்கும்.