கேட்கும் ஒலியும் காக்கும் ஒலியும்

நுழையும்முன்

எழுத்து ஓலையிலும் தாளிலும் நிலைத்தது; குரலோ பிறந்த கணத்திலேயே காற்றில் கரைந்தது. கரையும் குரலை மெழுகு உருளையிலும் இசைத்தட்டிலும் காந்த நாடாவிலும் பிடித்து வைத்த மனிதர், இன்று அதனை எண்களாக்கிக் கணினியில் சேமிக்கின்றனர். அங்கே அந்தக் குரல் எவ்வகைக் கோப்பில் உறைகிறது, எம்மென்பொருள் அதனை இசைக்கிறது என்பன சிறிய வினாக்களாகத் தோன்றும். ஆனால், ஒரு குடும்பத்தின் நினைவு அடுத்த தலைமுறையைச் சென்றடையுமா என்பதை அவ்வினாக்களின் விடைகளே முடிவு செய்கின்றன.

பரணில் ஒரு நாடா

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய கேசட் எனும் ஒலிநாடா, பின்னாளில் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை பரவியது. திரைப்பாடல்களும் பக்திப்பாடல்களும் அதில் ஒலித்தன. வெளிநாட்டில் பணிபுரிந்தோர் கடிதத்துக்கு மாற்றாகத் தம் குரலையே அதில் பதிந்து அனுப்பினர். வீட்டு விழாக்களும் மழலைப் பேச்சும் முதியோர் பாடிய பாடல்களும் அதில் பதிவாயின.

அத்தகைய நாடா ஒன்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டுப் பரணில் கிடைக்கிறது எனக் கொள்க. அறுபது நிமிடம் ஓடும் அந்நாடாவில் அவளுடைய பாட்டி பாடிய தாலாட்டு உள்ளது. பாட்டி இப்போது இல்லை. அந்தப் பாடலை அதே மெட்டில் பாட அறிந்தவர் வேறெவரும் குடும்பத்தில் இல்லை. நாடாவின் காந்தப் பூச்சு நாளடைவில் நலியும். அதனை இயக்கும் கருவிகளும் அருகி வருகின்றன. எனவே, அப்பாடலை வீட்டுக் கணினிக்கு மாற்ற அவள் முனைகிறாள். ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்ததும் திரையில் ஒரு பட்டியல் தோன்றுகிறது: வேவ், எம்.பி.3, ஏ.ஏ.சி., ஆக் வோர்பிஸ், ஃபிளாக், ஓபஸ். இவற்றுள் எதனைத் தேர்வது?

ஒலி எண்ணாகும் விதம்

ஒலி என்பது காற்றில் எழும் அழுத்த அலை. ஒலிவாங்கி அவ்வலையை மின்னலையாக மாற்றும். கணினி அம்மின்னலையின் உயரத்தைச் சீரான கால இடைவெளியில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்ளும். இதற்கு மாதிரி எடுத்தல் என்று பெயர்.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கும். ஓர் அதிர்வைப் பிழையின்றிக் குறிக்க, அதன் எண்ணிக்கையைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட மாதிரிகள் தேவை. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, நொடிக்கு 44,100 மாதிரிகளைக் கொண்டமைக்கு இதுவே காரணம். குறுந்தகட்டின் ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் அளவுடையது. அதாவது, அலையின் உயரத்தை 65,536 படிநிலைகளுள் ஒன்றாகக் குறிக்கும். இடம், வலம் என இரண்டு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு 14,11,200 பிட்டுகள் தேவைப்படும். நான்கு நிமிடப் பாடல் ஒன்று இம்முறையில் ஏறத்தாழ 42 மெகாபைட் இடத்தைக் கொள்ளும். மாணவியின் நாடா முழுவதும் ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும்.

இவ்வெண்களைச் சுருக்காமல் அவ்வாறே சேமிப்பது வேவ் வடிவம். 1991இல் மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். நிறுவனங்கள் இதனை வகுத்தன. இதில் குறையேதும் இல்லை. ஆனால், இடம் மிகுதியாகத் தேவைப்படும். அக்காலக் கணினிகளின் சிறிய வன்தட்டுகளுக்கும் மெதுவான இணைய இணைப்புகளுக்கும் இது பெருஞ்சுமை. சுருக்கும் கலை இத்தேவையிலிருந்தே வளர்ந்தது.

மடித்தலும் வெட்டுதலும்

சுருக்கும் முறைகள் இருவகைப்படும். முதலாவது, இழப்பில்லாச் சுருக்கம். பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பது போன்றது இது. மடிப்பை விரித்தால் புடவை முழுமையாக மீளும். இவ்வகையில் பெரிதும் வழங்குவது ஃபிளாக். ஜோஷ் கோல்சன் உருவாக்கிய இதன் முதல் நிலைப்பதிப்பு 2001இல் வெளிவந்தது. அடுத்தடுத்த மாதிரிகளுக்கு இடையேயுள்ள ஒழுங்கைக் கொண்டு அடுத்த எண்ணை முன்கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதுவது இதன் வழி. கோப்பின் அளவு பொதுவாக மூலத்தில் பாதியளவோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். விரிக்கும்போது ஒரு பிட்டும் மாறாமல் மூலம் கிடைக்கும்.

இரண்டாவது, இழப்புள்ள சுருக்கம். புடவையை வெட்டிச் சட்டையாகத் தைப்பது போன்றது இது. சட்டை உடுத்தப் பயன்படும். பெட்டியிலும் சிறிதளவு இடமே கொள்ளும். ஆனால், அதிலிருந்து மீண்டும் புடவையைப் பெற இயலாது. எம்.பி.3, ஏ.ஏ.சி., ஆக் வோர்பிஸ், ஓபஸ் ஆகியன இவ்வகையின.

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் மேற்கொண்ட ஆய்வுகள் எம்.பி.3 உருவாகப் பெருந்துணை புரிந்தன. செவியின் இயல்பே இதன் அடிப்படை. தவில் அதிரும் கணத்தில் அருகிலுள்ள மரத்தின் இலை அசையும் ஒலி காதில் விழுவதில்லை. வலிய ஒலி, தனக்கு அருகிலுள்ள மெல்லிய ஒலியை மறைத்துவிடும். இம்மறைப்பு விளைவைக் கணக்கிட்டு, செவி உணராது எனக் கருதப்படும் பகுதிகளை எம்.பி.3 விலக்குகிறது, எஞ்சியவற்றையும் குறைந்த துல்லியத்தில் எழுதுகிறது. நொடிக்கு 128 கிலோபிட் வீதத்தில் அமைந்த எம்.பி.3 கோப்பு, குறுந்தகட்டு ஒலியில் பதினொன்றில் ஒரு பங்கு அளவே உடையது. 42 மெகாபைட் பாடல் 4 மெகாபைட்டுக்குள் அடங்குவது இவ்வாறுதான்.

தெரிந்து தெளிவோம்

எம்.பி.3 கோப்பை வேவ் வடிவத்துக்கோ ஃபிளாக் வடிவத்துக்கோ மாற்றினால் கோப்பின் அளவு பெருகும்; இழந்த ஒலி மீளாது. ஓர் இழப்புள்ள வடிவத்திலிருந்து மற்றோர் இழப்புள்ள வடிவத்துக்கு மாற்றும்போது, ஏற்கெனவே இழந்ததோடு புதிய இழப்பும் சேரும். நகலின் நகல் மங்குவது போன்றதே இது.

செவிக்கா, காலத்துக்கா?

இழப்புள்ள வடிவம் என்றதும் அதன் தரம் தாழ்ந்தது எனக் கருதுதல் கூடாது. நொடிக்கு 256 அல்லது 320 கிலோபிட் வீதத்தில் நன்கு உருவாக்கப்பட்ட எம்.பி.3 கோப்பை, மூலத்திலிருந்து செவியால் பிரித்தறிவது பெரும்பாலோர்க்கு அரிது. 2012இல் பன்னாட்டுத் தரமாக வெளியான ஓபஸ், அதனினும் குறைந்த வீதத்திலேயே நல்ல ஒலியைத் தரும். பேருந்தில் செல்பேசி வழியே பாட்டுக் கேட்பவருக்கு இவை போதுமானவை.

அவ்வாறாயின் இழப்பில்லா வடிவம் எதற்கு? அது செவிக்காக அன்று, காலத்துக்காக. பாட்டியின் தாலாட்டில் நாடாவின் இரைச்சலும் கலந்திருக்கும். இன்றுள்ள கருவிகளைவிடச் சிறந்தவை நாளை தோன்றி, அவ்வீரைச்சலைக் களைந்து குரலைத் தெளிவாக்கக்கூடும். ஆனால், எம்.பி.3 தான் விளைத்த பிழைகளை வலிய ஒலிகளின் நிழலில் ஒளித்து வைத்துள்ளது. இரைச்சலை நீக்கும்போதோ மெல்லிய பகுதியை உரக்கச் செய்யும்போதோ அந்நிழல் விலகும். ஒளிந்திருந்த பிழைகள் வெளிப்படும். தூளிக் கயிற்றின் மெல்லிய அசைவொலியும், இரண்டு அடிகளுக்கு இடையே பாட்டி இழுத்த மூச்சும் அன்றே வெட்டப்பட்டிருந்தால், நாளைய கருவியாலும் அவற்றை மீட்க முடியாது.

இதனாலேயே ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம், பழைய பதிவுகளை எண்மமாக்கும்போது குறைந்தது நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்னும் அளவில், சுருக்கப்படாத வடிவத்தில் சேமிக்கப் பரிந்துரைக்கிறது. அவ்வளவில் இருதடப் பதிவாக அறுபது நிமிட நாடா ஏறத்தாழ ஒரு கிகாபைட் ஆகும். இன்றைய வன்தட்டில் அது சிறிய இடமே.

பூட்டிய பாட்டு

வடிவத்தைத் தேர்வதில் மற்றொரு கேள்வியும் உண்டு: அவ்வடிவத்தின் திறவுகோல் யாரிடம் உள்ளது? மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எம்.எஸ்.என். மியூசிக் என்னும் இணையக் கடை வழியாகப் பூட்டிடப்பட்ட பாடல் கோப்புகளை விற்றது. வாங்கியவர் புதிய கணினிக்கு மாறினால், நிறுவனத்தின் வழங்கியிலிருந்து திறப்பதற்கான உரிமத்தை மீண்டும் பெற வேண்டும். அவ்வழங்கியை நிறுத்தப்போவதாக 2008இல் அந்நிறுவனம் அறிவித்தது. பணம் கொடுத்து வாங்கிய பாடல்கள், பழைய கணினியோடு முடங்கும் நிலை தோன்றியது. எதிர்ப்பு எழுந்ததும் காலக்கெடு 2011 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, ஆப்பிள் நிறுவனம் தன் கடையில் விற்கும் பாடல்களுக்கு இட்டிருந்த பூட்டை நீக்குவதாக அறிவித்தது.

ஃபிளாக், ஆக் வோர்பிஸ், ஓபஸ் ஆகியவற்றின் அமைப்பு முழுவதும் வெளிப்படையானது. எவரும் கட்டணமின்றி அவற்றைப் படிக்கும் மென்பொருளை எழுதலாம். எம்.பி.3 நீண்டகாலம் காப்புரிமைக்கு உட்பட்டிருந்தது. அதற்கு உரிமக் கட்டணம் கோரப்பட்டதே ஆக் வோர்பிஸ் உருவாகத் தூண்டுதலாயிற்று. 2017இல் எம்.பி.3 உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தது. ஒரு நிறுவனம் மறைந்தாலும் மறையாத வடிவமே காப்பதற்கு ஏற்றது.

இசைப்பானைத் தேர்தல்

மியூசிக் பிளேயர் எனப்படும் இசைப்பான் மென்பொருள்கள் பல. 1997இல் வெளிவந்த வின்ஆம்ப், எம்.பி.3 பரவிய காலத்தில் வீட்டுக் கணினிகளில் பெரும்புகழ் பெற்றது. பாரிஸ் நகர மாணவர்களின் கல்லூரித் திட்டமாக 1996இல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது வி.எல்.சி.; 2001 முதல் அது கட்டற்ற மென்பொருளாக வழங்கப்படுகிறது; மேற்கூறிய வடிவங்கள் அனைத்தையும் இசைக்கும். பெரிய இசைத்தொகுப்பை ஒழுங்குபடுத்த விரும்புவோர் ஃபூபார்2000 போன்றவற்றை நாடுகின்றனர். நாடாவிலிருந்து பதிவு செய்யவும், பதிவைப் பகுத்துத் திருத்தவும் ஆடாசிட்டி என்னும் கட்டற்ற மென்பொருள் உதவுகிறது.

இசைப்பானின் தோற்றப் பொலிவைக் காட்டிலும் அது செய்யும் பணிகளே கருதத்தக்கவை. திறந்த வடிவங்களை அது படிக்க வேண்டும். கோப்புகளைத் தன் விருப்பப்படி இடம் மாற்றாமலும் வேறு வடிவத்துக்கு மாற்றாமலும் இருக்க வேண்டும். தொடர்ச்சியான கச்சேரிப் பதிவில் ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இடைவெளி விழாமல் இசைக்க வேண்டும். இன்றேல், ஆலாபனையிலிருந்து கீர்த்தனைக்குச் செல்லும் இடத்தில் ஓசை அறுபடும். தமிழைப் பிழையின்றிக் காட்டவும் வேண்டும்.

இறுதியாகக் கூறியது எளிதன்று. பாடலின் பெயர், பாடியவர் முதலிய விவரங்கள் ஒலிக்கோப்புக்குள்ளேயே எழுதப்படுகின்றன. எம்.பி.3 கோப்புகளுக்கு 1996இல் தோன்றிய முதல் விவரக்குறிப்பு முறை, பாடல் தலைப்புக்கு முப்பது பைட்டுகளை மட்டுமே ஒதுக்கியது. யு.டி.எஃப்-8 முறையில் எழுதப்படும் ஒருங்குறித் தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகள் கொள்ளும். ‘திருநெல்வேலி’ என்னும் ஒரு சொல்லே முப்பத்தாறு பைட்டுகள் ஆகிவிடும். பிற்கால விவரக்குறிப்பு முறைகள் இத்தடையை நீக்கின. ஃபிளாக், ஓபஸ் கோப்புகளின் விவரக்குறிப்புகளில் ஒருங்குறி பயன்படுகிறது. ஆதலின் தமிழில் வேண்டிய அளவு எழுதலாம்.

மாணவியின் முடிவு

மாணவி நாடாவின் இரு பக்கங்களையும் 24 பிட் அளவில் பதிவு செய்கிறாள். இரைச்சலை நீக்காமலும் எப்பகுதியையும் வெட்டாமலும் ஃபிளாக் கோப்பாகச் சேமிக்கிறாள். பாட்டியின் பெயர், ஊர், பாடல் பதிவான ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் குறிக்கிறாள். மூல ஒலியின் அடையாள எண் ஒன்று ஃபிளாக் கோப்புக்குள் பொதியப்பட்டிருப்பதால், பிற்காலத்தில் கோப்பு பழுதுபட்டதா என்பதைச் சோதித்து அறியலாம். வன்தட்டும் ஒருநாள் பழுதாகும் என்பதை உணர்ந்து, ஒரு படியைத் தன் வீட்டு வெளி வன்தட்டிலும் மற்றொரு படியை வேற்றூரில் உள்ள அத்தை வீட்டிலும் வைக்கிறாள்.

உறவினர்களின் செல்பேசிகளுக்காக, மூலக் கோப்பிலிருந்து சிறிய எம்.பி.3 படி ஒன்றை உருவாக்குகிறாள். அது எங்கும் ஒலிக்கும், எளிதில் அனுப்பப்படும். அது தொலைந்தாலும் கவலையில்லை. புதிய வடிவம் தோன்றினால், மூலத்திலிருந்து அவ்வடிவத்தில் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு ஒன்று, காப்பதற்கு ஒன்று என்னும் இப்பகுப்பே அவள் கண்ட விடை. இன்றைய இசைப்பான் நாளை வழக்கொழியலாம், கணினியும் மாறலாம். மூல ஒலி குறைவின்றி இருக்குமாயின், அத்தாலாட்டை இனிப் பிறக்கும் குழந்தையும் பாட்டியின் குரலிலேயே கேட்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ சுற்றத்தார் வீட்டிலோ உள்ள பழைய ஒலிப்பதிவுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் முதலில் காக்க வேண்டியது எது என்பதைக் காரணத்துடன் எழுதுக.

2. ஒரே பாடலின் ஃபிளாக் கோப்பையும் 64, 128, 320 கிலோபிட் வீதங்களில் அமைந்த எம்.பி.3 கோப்புகளையும், எது எதுவென அறியாதவாறு நண்பர்களைக் கேட்கச் செய்து, வேறுபாடு எங்குப் புலப்படுகிறது என்பதை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. ‘கேட்பதற்கு ஒன்று, காப்பதற்கு ஒன்று’ என்னும் கருத்து ஒளிப்படங்களுக்கும் பொருந்துமா? ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.