மீண்டெழும் கானகம்

ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் தென்கிழக்குக் கரையில், இந்துமாக்கடலை நோக்கி நீண்டு கிடக்கும் நாடு மொசாம்பிக். அந்நாட்டின் நடுப்பகுதியில், பெய்ரா என்னும் துறைமுக நகருக்கு வடமேற்கே, கோரோங்கோசா என்னும் கானகம் உள்ளது. கிழக்காப்பிரிக்காவை வடக்குத் தெற்காகப் பிளந்து செல்லும் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு இக்கானகத்தை ஒட்டியே தன் தென்கோடியை அடைகின்றது. பள்ளத்தாக்கின் மேற்புறத்தே 1,863 மீட்டர் உயரமுள்ள கோரோங்கோசா மலை தனித்து நிற்கின்றது. கடற்காற்றுக் கொணரும் முகில்களை அம்மலை தடுத்து நிறுத்தி மழையாக்குகின்றது. அம்மழைநீர் ஆறுகளாய் இறங்கிப் பள்ளத்தாக்கின் நடுவிலுள்ள உரேமா ஏரியைச் சேர்கின்றது. மழைக்காலத்தில் ஏரி கரைகடந்து பரந்து சமவெளியை நீரால் மூடும். மழை நின்று நீர் வடிந்ததும், ஈரம் ஊறிய அந்நிலத்தில் புல் தழைக்கும். புல்லை நாடி மான்கள் வரும். மான்களை நாடி அரிமா வரும். ஆதலின் இக்கானகத்தின் வாழ்வெல்லாம் மலையுச்சியில் தொடங்குகின்றது என்று கூறுதல் மிகையாகாது.

1920-ஆம் ஆண்டில், அப்பகுதியை ஆண்ட மொசாம்பிக் கம்பெனி என்னும் வணிகக் குழுவினர், தம் அலுவலரும் விருந்தினரும் வேட்டையாடி மகிழ்வதற்கென 1,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை ஒதுக்கினர். காப்பதற்கென்று ஒதுக்கப்படவில்லை; கொல்வதற்கென்றே ஒதுக்கப்பட்டது. பின்னர் அதன் பரப்பு விரிந்தது, நோக்கமும் மாறியது. 1960-இல் போர்த்துக்கேய அரசு அதனைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அடுத்த பத்தாண்டுகளில் கென் டின்லி என்னும் தென்னாப்பிரிக்க அறிஞர் அங்குத் தங்கி, வானூர்தியில் பறந்து விலங்குகளைக் கணக்கிட்டார். காட்டெருமைகள் மட்டும் ஏறத்தாழ 14,000 இருந்தன. யானைகள் 2,000-க்கு மேற்பட்டிருந்தன. வரிக்குதிரைகளும், வில்டபீஸ்ட் என்னும் மானினமும், நீர்யானைகளும் ஆயிரக்கணக்கில் திரிந்தன.

1975-இல் மொசாம்பிக் விடுதலை பெற்றது. இரண்டே ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1981 டிசம்பரில் பூங்காவின் தலைமை இடமாகிய சிட்டெங்கோ முகாம் தாக்கப்பட்டது. 1983-இல் பூங்கா அடைக்கப்பட்டது. போர் புரிந்த இரு தரப்பினரும் உணவுக்காக எருமைகளையும் மான்களையும் கொன்றனர்; யானைகளைத் தந்தத்துக்காகக் கொன்றனர். தந்தம் பணமாயிற்று, பணம் படைக்கலமாயிற்று. 1992 அக்டோபரில் அமைதி உடன்பாடு கையெழுத்தான பின்னும் கொலை நிற்கவில்லை. காவலற்ற காட்டில் களவு வேட்டையாடுவோர் புகுந்தனர். முடிவில், பெரிய விலங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. யானைகள் 250-க்கும் குறைவாயின. காட்டெருமைகள் நூறுகூட எஞ்சவில்லை. சிறுத்தையும் காட்டுநாயும் கழுதைப்புலியும் அறவே காணப்படவில்லை.

இவ்வாறு வெறுமையுற்ற கானகத்தை மீட்கும் பணி 2004-இல் வலுப்பெற்றது. அமெரிக்கச் செல்வர் கிரெக் கார் என்பார் மொசாம்பிக் அரசுடன் கூடி அப்பணியைத் தொடங்கினார். 2008-இல் இருபது ஆண்டுகளுக்கு ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. 2018-இல் அது மேலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. காடு மீள்வதற்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதை இந்த ஆண்டுக் கணக்கே காட்டும். தென்னாப்பிரிக்காவிலிருந்து காட்டெருமைகளும் வில்டபீஸ்ட்டுகளும் கொணரப்பட்டு, வேலியிட்ட காப்பிடத்தில் வளர்க்கப்பெற்று, பின்னர்த் திறந்த வெளியில் விடப்பட்டன.

மாணவர்களே! இன்று அக்கானகத்தைக் காணச் செல்வோர்க்கு வழிகாட்டிகள் உள்ளனர். வாருங்கள், நாமும் அவர்களுள் ஒருவருடன் செல்வோம்.

பொழுது புலருமுன் சிட்டெங்கோ முகாமினின்றும் புறப்படல் வேண்டும். ஊர்தி பக்கங்கள் திறந்தது. இருக்கைகள் படிபோல் ஒன்றன்பின் ஒன்றாக உயர்ந்திருக்கும். அண்டை ஊர்களில் பிறந்து, அக்காட்டின் தடங்களைப் பயின்றவர்களே வழிகாட்டிகளிற் பலர். புறப்படுமுன் அவர் சில சொற்கள் கூறுவார். ஊர்தியில் எழுந்து நிற்றல் கூடாது. உரக்கப் பேசலாகாது. அவர் சொல்லாமல் ஒருவரும் இறங்கலாகாது. அமர்ந்திருக்கும் மனிதர் கூட்டத்தையும் ஊர்தியையும் விலங்குகள் ஒரே உருவாகக் காண்கின்றன; ஒருவர் எழுந்து நின்றால் அவ்வுரு கலைந்து, மனிதன் தனியே தெரிவான். மனிதனை அஞ்சுதற்கு அவ்விலங்குகளுக்குக் காரணம் உண்டு.

முதலில் பனையினக் காடு வரும். அதனைக் கடந்தால் மஞ்சட்பசுமை நிறத்துப் பட்டையுடைய மரங்கள் கூட்டங் கூட்டமாக நிற்கும். அவற்றிற்குக் 'காய்ச்சல் மரம்' என்று பெயர். அம்மரங்கள் நிற்கும் இடத்தில் தங்கியவர்க்கெல்லாம் குளிர்காய்ச்சல் வந்தமையால், மரமே நோய் தருவது என்று பண்டைய ஐரோப்பியப் பயணிகள் கருதினர். மரம் வளர்வது நீர் தேங்கும் நிலத்தில்; கொசு வளர்வதும் அங்கேதான். குற்றம் செய்தது கொசு. பழி சுமந்தது மரம்!

மரங்கள் விலகியதும் சமவெளி கண்முன் விரியும். தொலைவில் உரேமா ஏரி வெள்ளித் தகடுபோல் ஒளிரும். எங்கு நோக்கினும் ஒரே வகை மான்! பழுப்பு நிற உடலும், பின்புறத்தே வளையம் இட்டாற்போன்ற வெண்கோடும் உடைய இது வாட்டர்பக் எனப்படும். நாம் நீர்மான் என்போம். டின்லி கணக்கிட்ட நாளில் சில ஆயிரமாக இருந்த நீர்மான்கள், 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 50,000-க்கும் மேற்பட்டிருந்தன. காட்டெருமையோ அப்பொழுது ஆயிரம் என்னும் அளவையே எட்டியிருந்தது. பழைய வீடு இடிந்தபின் அதே இடத்தில் புதுவீடு எழுந்ததைப் போன்றதன்று இம்மீட்சி. புல் மேயும் எருமையும் வரிக்குதிரையும் இல்லாத வெளியில், விரைந்து பெருகவல்ல விலங்கு முந்திக்கொண்டது. பழைய கானகத்தின் அளவுகள் மீளுமா, வேறொரு கானகம் உருவாகுமா என்பதனை அறிஞர் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.

நீர்மான் பெருக்கத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய, தொட்டாற்சுருங்கி இனத்தைச் சேர்ந்த முட்புதர் ஒன்று, மேயும் விலங்குகள் அழிந்த காலத்தில் சமவெளியை மூடத் தொடங்கியது. விலங்குகள் மீண்டதும், நீர்மான் முதலியன அதனைத் தின்று தின்று பின்வாங்கச் செய்தன. மனிதர் கருவி கொண்டு வெட்டி மாளாத புதரை மான்கள் பல்லால் அடக்கின.

வழியில் இடிந்த கட்டடம் ஒன்றைக் காட்டி வழிகாட்டி ஊர்தியை நிறுத்துவார். 1940-இல் விருந்தினர்க்கென எழுப்பப்பட்ட முகாம் அது. வெள்ளம் வரும் இடம் என்பதை அறியாமல் கட்டியமையால் விரைவிலேயே கைவிடப்பட்டது. மனிதர் நீங்கிய வீட்டில் அரிமாக்கள் குடிபுகுந்தன. மாடியேறிக் கூரைமேல் நின்று வெளியை நோக்கின. 'அரிமா வீடு' என்றே அதற்குப் பெயராயிற்று.

அச்சம் என்பது காட்டிற்கு எத்துணை இன்றியமையாதது என்பதைப் புதர்மான் என்னும் சிறு மானின் வரலாறு தெளிவாக்குகின்றது. பெயருக்கேற்பப் புதர்களிடையே மறைந்து வாழ்வது அதன் இயல்பு. சிறுத்தையும் காட்டுநாயும் ஒழிந்தபின், அது மறைவிடத்தைத் துறந்து, திறந்த சமவெளிக்கு வந்து நல்லுணவு தின்று கொழுத்தது. ஆராய்ச்சியாளர் சிலர் ஒலிபெருக்கி வழியே சிறுத்தையின் குரலை எழுப்பி, ஊனுண்ணும் விலங்கின் வாடையையும் பரப்பிப் பார்த்தனர். சிறுத்தையைத் தன் வாழ்நாளில் கண்டறியாத அம்மான் மீண்டும் மறைவிடம் தேடியது. 2019-இல் இவ்வாராய்ச்சி வெளியாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவிலிருந்து 14 காட்டுநாய்கள் கொணர்ந்து விடப்பட்டிருந்தன. சில ஆண்டுகளில் அவை பன்மடங்காகப் பெருகின. இப்பொழுது புதர்மானுக்கு ஒலிபெருக்கி வேண்டுவதில்லை.

வெயில் ஏறியதும் முகாமிற்குத் திரும்புவர். நண்பகல் உணவுக்குப்பின் வழிகாட்டி பேசும் செய்திகள் விலங்குகளைப் பற்றியன மட்டுமல்ல. பூங்காவைச் சூழ்ந்த ஊர்களில் ஏறத்தாழ 2,00,000 மக்கள் வாழ்கின்றனர். சோளம் பயிரிட்டு உண்ணும் ஏழை உழவர் அவர்கள். மழை பொய்த்த ஆண்டில் ஒருவன் கம்பியை வளைத்துக் கண்ணி வைக்கின்றான். அவன் எதிர்பார்ப்பது காட்டுப்பன்றி. மாட்டிக்கொள்வது சில வேளைகளில் அரிமா. காலிழந்த அரிமா வேட்டையாட இயலாது மெலிந்து மாயும். கண்ணி வைத்தவனைச் சிறையிலிடுதல் எளிது. அவன் வீட்டு அடுப்பில் உலையேற்றுதல் அரிது. இரண்டாவதனைச் செய்யாமல் முதலாவதனை மட்டும் எத்தனை முறை செய்தாலும் கண்ணிகள் குறைவதில்லை என்பதைப் பூங்காவினர் உணர்ந்தனர். ஆதலின் அவ்வூர்களிலிருந்தே காவலர்களைத் தெரிந்தெடுத்தனர். மருத்துவப் பணியும் பள்ளிப் பணியும் மேற்கொண்டனர். இளம்பருவத்திலேயே மணமுடித்துப் பள்ளியை விட்டு நின்றுவிடும் சிறுமியர்க்கெனக் கழகங்கள் அமைத்து, அவர்கள் கல்வி தொடரத் துணை நின்றனர்.

மலையிலும் இவ்வாறே. கோரோங்கோசா மலையின் உயர்பகுதி 2010-இல் பூங்காவுடன் சேர்க்கப்பட்டது. எனினும் சோளத்திற்காக அங்குள்ள மழைக்காட்டை எரித்தழித்தல் தொடர்ந்தது. மலை மொட்டையானால் ஆறு வற்றும். ஆறு வற்றினால் உரேமா ஏரி சுருங்கும். ஏரி சுருங்கினால் நாம் காலையிற் கண்ட புல்வெளி இராது. 'வெட்டாதே' என்று சொல்லி நிற்பதில் பயனில்லை எனக் கண்டு, மரநிழலில் வளரும் காப்பிச் செடியை உழவர்க்கு வழங்கினர். காப்பிக்கு நிழல் வேண்டும். நிழலுக்கு மரம் வேண்டும். வெட்டிய கையே மரம் நடலாயிற்று. இதற்கிடையே, 2013 முதல் சில ஆண்டுகள் அம்மலைப்புறத்தே மீண்டும் துப்பாக்கி முழங்கிற்று. நட்ட பயிரைக் காண உழவர் செல்ல இயலாத நாட்களும் இருந்தன. 2019 மார்ச்சில் இடாய் என்னும் பெரும்புயல் பெய்ரா நகரைச் சிதைத்தது. பூங்காவின் காவலரும் பணியாளரும் வெள்ளத்தில் தவித்த ஊர்களுக்கு உணவு கொண்டு சென்றனர். அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், அரசின் தலைவரும் எதிர்த்துப் போரிட்ட இயக்கத்தின் தலைவரும் போர் நிறுத்த உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அவர்கள் கூடிய இடம், முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் தாக்குண்ட அதே சிட்டெங்கோ.

மாலையில் மறுபடியும் புறப்படுவோம். இம்முறை தேடுவது யானையை.

நம் நாட்டில் களிற்றுக்கே நீண்ட தந்தம் உண்டு; பிடிக்கு இல்லை. ஆப்பிரிக்க யானையில் ஆண் பெண் இரண்டிற்கும் தந்தம் உண்டு. ஆனால் கோரோங்கோசாவிற் காணும் பிடிகளுள் பல தந்தமற்றவை. போருக்கு முன்னர்ப் பிடிகளுள் நூற்றுக்கு 18 அல்லது 19 மட்டுமே இவ்வாறிருந்தன. போருக்குப்பின் உயிர்தப்பியவற்றுள் நூற்றுக்கு 51 தந்தமற்றவை. தந்தமுடையவற்றைத் தேடித்தேடிக் கொன்றமையால் தந்தமில்லாதவை எஞ்சின. அவ்வியல்பு மகள்களுக்கும் இறங்கிற்று. போருக்குப் பின் பிறந்த பிடிகளுள் மூன்றில் ஒன்றுக்குத் தந்தம் இல்லை. 2021-இல் வெளியான ஆராய்ச்சி, இவ்வியல்பு தாயிடமிருந்து வரும் மரபுக்கூறு ஒன்றைச் சார்ந்தது என்றும், அதனைப் பெறும் ஆண்கரு பிறவாமலே மாய்கின்றது என்றும் காட்டியது. தந்தமற்ற களிறு அங்கே காணப்படாமைக்குக் காரணம் இதுவே. இயற்கை தன்னைத் தானே காத்துக்கொண்டது என்று இதனைப் புகழ்வாரும் உளர். பிறவாத களிற்றுக் கன்றுகளை எண்ணிப் பார்த்தால் அப்புகழ்ச்சி நாவில் எழாது. மரப்பட்டை உரிக்கவும், நீருக்காக மண்ணைத் தோண்டவும் யானைக்குத் தந்தமே கருவி.

வழிகாட்டி திடுமென ஊர்தியை நிறுத்துகின்றார். முன்னே, மரங்களிடையே, ஒரு கூட்டம். தலைமை தாங்கும் முதுபிடி தடத்தின் நடுவே வந்து நிற்கின்றது. அதற்குத் தந்தம் இல்லை. போர் நடந்த நாளிலேயே பிறந்திருந்த பிடி என்று வழிகாட்டி மெல்லக் கூறுகின்றார். யானை அறுபது ஆண்டு வாழும். துப்பாக்கியின் ஒலியையும் ஊர்தியின் ஒலியையும் மறவாது. இப்பூங்காவின் யானைகள் ஊர்திகளைச் சினந்து துரத்துவது வழக்கமாக இருந்தது. நெடுநாட் பொறுமையால் அச்சினம் சிறிது தணிந்துள்ளது.

முதுபிடி செவிகளை அகல விரித்து, துதிக்கையை உயர்த்தி, காற்றில் நம் வாடையைத் தேர்கின்றது. அதன் பின்னே நிற்கும் கன்று எட்டிப் பார்க்கின்றது. வழிகாட்டி பொறியை அணைக்காமல், கையை நெம்புகோலின் மேல் வைத்தவாறே அசையாதிருக்கின்றார். யாரும் மூச்சு விடவில்லை. சிறிது நேரத்தில் பிடியின் செவிகள் தளர்கின்றன. அது திரும்பி, கன்றைத் தன் மறுபக்கமாக, நமக்கும் அதற்கும் இடையே தன் உடல் இருக்குமாறு தள்ளிக்கொண்டு, காய்ச்சல் மரங்களின் இடையே நடக்கின்றது. கடைசி யானை மறையும் வரை வழிகாட்டி ஊர்தியைச் செலுத்தவில்லை.