மனவரைபடம்: இணையத்தில் கூடிச் சிந்திக்க ஒரு கருவி

மையக் கருத்தொன்றை நடுவில் எழுதி, அதனோடு தொடர்புடையவற்றைக் கிளைகளாக விரித்து வரையும் படமே மனவரைபடம் ஆகும். 1974-இல் டோனி பூசான் பிபிசி தொலைக்காட்சி வழியாகப் பரப்பிய இம்முறையை இன்று மைண்ட்மைஸ்டர், காகிள் போன்ற இணையச் செயலிகளில் பலரால் ஒரே நேரத்தில் கையாள முடிகிறது.

• சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள உளுந்தூர்பேட்டையில் அப்பளத் தொழில் தொடங்க எண்ணும் மகளிர் சுயஉதவிக் குழு, ‘உளுந்து அப்பளம்’ என்பதை மையத்தில் இட்டு, மூலப்பொருள், முதலீடு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, விற்பனை ஆகியவற்றை முதற்கிளைகளாகக் கொள்ளலாம்.

• முதல் பத்து நிமிடங்களில் எக்கருத்தையும் மறுக்காமல் பதிந்து, பின்னரே ஒத்தவற்றை இணைத்து, ஒவ்வாதவற்றை நீக்குவது நல்லது.

• கிளை ஒன்றுக்கு ஓரிரு சொற்களும் தனி நிறமும் போதும். நீண்ட வாக்கியம் எழுதினால் படம் பட்டியலாகிவிடும்.

• தமிழை யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் கோப்பாக மாற்றிய பின் எழுத்துகள் சிதைந்துள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும்.

• இணைப்பைப் பகிரும்போது, திருத்தும் உரிமையைக் குழுவினருக்கு மட்டும் அளித்துப் பிறருக்குப் பார்வையிடும் உரிமையைத் தருவது பாதுகாப்பானது.

• இணையம் தடைப்படும் இடங்களில், கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவச மென்பொருளான ஃப்ரீபிளேன் கைகொடுக்கும்.

கிளைதோறும் பொறுப்பாளரும் நாளும் குறிக்கப்பட்டாலன்றி, வரைபடம் வெறும் படமாகவே நின்றுவிடும்.