காசு வாங்க ஓ.டி.பி. எதுக்கு?

போனிலே சாமான் வாங்கும்போது நம்மவர்கள் கவனமாகத்தான் இருக்கிறார்கள். விற்கும்போதுதான் அகப்படுகிறார்கள் என்பதை நாங்கள் லயங்களுக்குப் போகும்போது காண்கிறோம்.

பழைய தையல் மெஷின் ஒன்றை விற்க விளம்பரம் போடுகிறீர்கள் என்று வைப்போம். ஒருவர் போன் எடுப்பார். விலையைக்கூடக் குறைத்துக் கேட்கமாட்டார். (அதுவே சந்தேகப்பட வேண்டிய விசயம்!) "காசை இப்பவே போடுறேன் அக்கா, பேங்க் கார்ட்ல உள்ள நம்பரைச் சொல்லுங்க" என்பார். கொஞ்ச நேரத்தில் உங்கள் போனுக்கு ஓர் இலக்கம் வரும். "அதையும் சொன்னாத்தான் காசு வரும்" என்பார்.

அந்த இலக்கம்தான் ஓ.டி.பி. உங்கள் கணக்கிலிருந்து காசு வெளியே போவதற்கு நீங்கள் வைக்கும் கையெழுத்து அது. காசு உள்ளே வர அது தேவையே இல்லை. பெயர், கணக்கு இலக்கம், வங்கி, கிளை, இவ்வளவும் போதும். ஓ.டி.பி. செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். வாசிக்கத் தெரியாவிட்டால் போனை வைத்துவிட்டு, படிக்கிற பிள்ளையிடம் காட்டுங்கள்.

சொல்லிவிட்டீர்களா? நாளைக்குப் பிரட்டு முடிந்து பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. கார்ட்டின் பின்பக்கம் உள்ள வங்கி இலக்கத்துக்கு உடனே எடுத்து, கார்ட்டை நிறுத்தச் சொல்லுங்கள். 101க்கு எடுத்தால் இலங்கை சேர்ட் நிறுவனமும் வழி சொல்லும். வெட்கப்பட்டு மறைக்கத் தேவையில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. பேசியவரின் நம்பரையும் வந்த செய்தியையும் அழிக்காமல் கொண்டுபோய்ப் பொலிசில் காட்டுங்கள்.