குளிர் கீழேயிருந்துதான் வருது

செமஸ்டர் முடிஞ்ச கையோட, போன டிசம்பர்ல நாங்க ஆறு பேர் கொல்லிமலை போனோம். எழுபது கொண்டை ஊசி வளைவு, ரெண்டு பேருக்கு வாந்தி. அந்தக் கதை இங்க வேண்டாம். செம்மேட்டைத் தாண்டி எங்க வகுப்புத் தோழன் ஒருத்தனோட தாத்தாவுக்கு நிலம் இருக்கு, அங்கதான் டென்ட் போட்டோம். பட்டா நிலம்ங்கறதை முதல்லயே சொல்லிடறேன். காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம போய்த் தங்கறது குற்றம். 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போனவங்க இறந்தது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துச்சு.

முதல் ராத்திரி நாங்க எல்லாத்தையும் தப்பாப் பண்ணோம். ஓடைக்குப் பக்கத்துல பள்ளமா, புல்லா, அழகா ஒரு இடம். ரீல்ஸ்ல வர்ற மாதிரியே இருந்துச்சு. அங்கேயே டென்ட். தரை மேல டென்ட் துணி, அது மேல ஸ்லீப்பிங் பேக், அவ்வளவுதான். ரெண்டு மணிக்கு ஒருத்தனும் தூங்கல. பல்லு கிடுகிடுன்னு ஆடுது. சாயங்காலம் சிக்கன் சுட்ட கரி அடுப்பு வெளிய இன்னும் கனிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதை உள்ள வச்சா டென்ட் சூடாயிடும்னு ஒருத்தன் சொன்னான். எல்லாருக்கும் அது சரின்னு பட்டுது. எனக்கும்தான்!

அடுப்பைத் தூக்கி உள்ள வைக்கப் போற நேரம், மாட்டைப் பார்க்க டார்ச்சோட வந்த தாத்தா பார்த்துட்டார். "தம்பி, அதை வெளிய வை. உள்ள வச்சுப் படுத்தா காலையில எவனும் எந்திரிக்க மாட்டீங்க"ன்னார். சத்தம்கூடப் போடல, சாதாரணமாச் சொன்னார்.

அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. கரி புகையில்லாம எரியறதால பாதுகாப்புன்னு தோணும். ஆனா மூடின இடத்துல அது கார்பன் மோனாக்சைடு விடும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கறதை விட இதை 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். தூக்கத்துல இருக்கறவனுக்கு மூச்சு முட்டற உணர்வே வராது. முதல் வருஷ வேதியியல்ல நாங்க ஆறு பேரும் பாஸ்.

அப்புறம் தாத்தா தொழுவத்துலேர்ந்து ரெண்டு கட்டு வைக்கோல் கொடுத்து, "அடியில போட்டுப் படுங்க"ன்னார். போட்டோம். அரை மணி நேரத்துல நடுக்கம் நின்னுடுச்சு. அன்னைக்குத்தான் எனக்கு ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் புரிஞ்சுதுன்னு சொல்லலாம்.

விஷயம் இதுதான். நாம குளிர்னா மேல போர்த்தறதைத்தான் யோசிக்கறோம். ஸ்லீப்பிங் பேக் சூடு தர்றது அதோட பஞ்சுக்குள்ள அடைபட்ட காத்தால. நம்ம எடையில அடிப்பக்கம் நசுங்கி அந்தக் காத்து வெளிய போயிடும். அப்ப முதுகுக்கும் ஈர மண்ணுக்கும் நடுவுல தடுப்புன்னு எதுவுமே இல்லை. விடிய விடிய உடம்புச் சூடு மண்ணுக்குள்ள இறங்கிக்கிட்டே இருக்கும். வைக்கோலோட வேலை அசையாத காத்தைப் பிடிச்சு வைக்கறது. போடும்போது ஒரு சாண் உயரம் இருக்கணும், படுத்தா பாதிக்குக் கீழ அமுங்கிடும். வைக்கோல் இல்லன்னா காஞ்ச சருகு, இல்ல யோகா மேட். தேளு பூரான் இருக்கான்னு உதறிப் பார்த்துட்டுப் போடுங்க, அடுப்புப் பக்கம் போடாதீங்க.

மறுநாள் டென்ட்டை ஓடையிலேர்ந்து எடுத்துட்டு மேட்டுல பலாமரத்துப் பக்கம் மாத்தினோம். குளிர்ந்த காத்து கனமானது, ராத்திரி சரிவுல இறங்கிப் பள்ளத்துல தேங்கும். கொஞ்சம் ஏறிப் படுத்தாலே வித்தியாசம் தெரியும். மேல இலை இருந்தா பனியும் குறைவா விழும். ஆனா பட்டுப்போன கிளை தலைக்கு மேல இருக்கான்னு பாருங்க. பழுத்த பலாவும்தான்.

தார்ப்பாய் விரிக்கறதுல ஒரு சின்ன சூட்சுமம். அடியில போடற ஷீட் டென்ட்டோட அளவை விட வெளிய நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. நீட்டினா மழைத்தண்ணி அதுல விழுந்து நேரா உங்க அடிக்கு வரும். ஓரத்தை உள்பக்கமா மடிச்சு விடுங்க. இன்னொண்ணு, குளிருதுன்னு டென்ட் ஜிப்பை எல்லாம் இழுத்து மூடாதீங்க. நம்ம மூச்சுல வர்ற ஈரம் துணியில பட்டுத் தண்ணியாகி நம்ம மேலயே சொட்டும். மேல ஒரு கை அகலம் திறந்திருக்கட்டும். நடந்து வேர்த்த பனியனோட படுக்கறதும் வேண்டாம். காத்தை விடத் தண்ணி இருபது மடங்குக்கு மேல சூட்டைக் கடத்தும்.

கரி அடுப்புக்குப் பதிலா நாங்க கண்டுபிடிச்சது சுடுதண்ணி பாட்டில். ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில்ல தண்ணி ஊத்தி, மூடியை இறுக்கி, சாக்ஸுக்குள்ள நுழைச்சுக் கால் பக்கம் வைக்கணும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 80 டிகிரியிலேர்ந்து 30க்கு இறங்கினா சுமார் 209 கிலோ ஜூல். நாலு மணி நேரத்துக்குப் பிரிச்சா 14 வாட்டுக்குக் கொஞ்சம் மேல. சின்னதாத் தெரியும். ஆனா சும்மா படுத்திருக்கற உடம்பே 80 வாட் பக்கம்தான் தருது, அதோட சேர்ந்தா பெரிய உதவி. வெந்நீர் ஃபிளாஸ்க் இதுக்கு ஆகாது, அது சூட்டை வெளிய விடாது. இதை ஒருத்தன் செஞ்சு பார்த்துட்டு அரை மணி நேரம் குழம்பினான்.

யாரும் பேசாத ஒண்ணையும் சொல்லணும். எங்க குழுவுல ரெண்டு பொண்ணுங்க. முதல் நாள் பாத்ரூம் எங்கன்னு யாரும் யோசிக்கல, அவங்க சாயங்காலத்துலேர்ந்து தண்ணியே குடிக்கலன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது. தண்ணி குடிக்காதவங்களுக்குக் குளிரும் தலைவலியும் அதிகம். அதனால ரெண்டாவது நாள் முதல் வேலையே அதுதான். ஓடையிலேர்ந்து 60 மீட்டர் தள்ளி ஒரு சாண் ஆழத்துக்குக் குழி, சுத்தி பழைய தார்ப்பாய் மறைப்பு, பக்கத்துல மண் அள்ளிப் போட ஒரு கொட்டாங்குச்சி. இருபது நிமிஷ வேலை. மத்த எல்லாத்தையும் விட இதுதான் கேம்ப்பை மாத்துச்சுன்னு அவங்க ரெண்டு பேரும் சொன்னாங்க.

ரெண்டாம் ராத்திரி பத்து மணிக்குப் படுத்தோம், எழுந்தப்ப வெயில் வந்திருந்துச்சு. படுத்த வைக்கோலைக் கட்டித் தொழுவத்துக்குத் தூக்கிட்டுப் போனோம். தாத்தா மோந்து பார்த்துட்டு, "இதை மாடு தொடாது, எருக்குழியில போடுங்க"ன்னார்.