மாலையைக் கழற்றிய மறுநாள்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. போன வாரம் நீ பேசிவிட்டு வைத்ததிலிருந்தே இதை எழுத நினைத்தேன். போனில் சொன்னால் "சரிங்கத்தை, சரிங்கத்தை" என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் இருந்தால் இன்னொரு தடவை எடுத்துப் படிக்கலாம்.

சிகரெட்டை விடப்போகிறேன் என்றாய். சந்தோஷம். அடுத்த மூச்சிலேயே, "இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அம்மாகிட்டகூட" என்றாய். எனக்கு அந்த இரண்டாவது பேச்சுதான் மனதில் தங்கியது. முன்பு ஒரு புத்தாண்டன்று எல்லார் முன்னாலும் அறிவித்தாய். பொங்கலுக்குள் மறுபடி பிடித்துவிட்டாய். உன் மாமனார் சிரித்த சிரிப்பு இன்னும் உன் காதில் இருக்கிறது போல. அதற்குப் பிறகு நீ தயாராகிக்கொண்டே இருக்கிறாய். இந்த ஷிப்மெண்ட் போகட்டும், அந்த பையர் வந்துவிட்டுப் போகட்டும் என்கிறாய். திருப்பூரில் ஷிப்மெண்ட் நெருக்கடி இல்லாத மாதம் ஏதப்பா? தேதி குறிக்காத வரைக்கும் தோற்க வேண்டியதில்லை. அந்த வசதிக்காகத்தான் தேதி தள்ளிப்போகிறது.

நெஞ்சுநோய் வார்டில் செவிலியராக இருந்தவள் நான். பணியின் கடைசி வருஷங்களில் புகையிலையை விட வருகிறவர்களுக்கான ஆலோசனை அறையில் உட்கார்ந்தேன். அந்த அனுபவத்தில் முதலில் ஒரு கணக்கைச் சொல்கிறேன். பயமுறுத்த இல்லை, உன் பாரத்தை இறக்கி வைக்க. மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் தானாக விட முயல்கிறவர்களில், ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தாக்குப்பிடிப்பவர்கள் 100க்கு 3 முதல் 5 பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் முதல் 8 நாளுக்குள்ளேயே மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள். 2016-17இல் நம் நாட்டில் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பில், முந்தைய ஒரு வருஷத்துக்குள் விட முயன்றதாகச் சொன்னவர்கள் புகைப்பவர்களில் 100க்கு 38 பேர். அந்தக் கூட்டத்தில் நீயும் ஒருவன். உனக்கு மட்டும் மனசு பலவீனம் என்று நினைக்காதே. இழுத்த 10 விநாடிக்குள் மூளைக்குப் போய்ச் சேர்கிற பொருள் நிகோடின். அதனிடம் வெறுங்கையோடு போனால் அநேகம் பேருக்கு இதுதான் நடக்கும். மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் வெற்றிபெறும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. உன் புத்தாண்டு முயற்சியில் நீ இந்த இரண்டையும் தொடவே இல்லை.

இப்போது நீ ஜெயித்த கதைக்கு வருகிறேன். ஒரு கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? 41 நாள் ஒரு சிகரெட் தொடவில்லை. இதைச் சொன்னால், "அது சாமி விஷயம் அத்தை, அது வேற" என்பாய். பக்தி துணைநின்றது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 41 நாளும் உன்னைச் சுற்றி என்னென்ன நடந்தது என்று யோசித்துப் பார். விடியுமுன் குளியல், சாயங்காலம் பூஜை என்று பொழுது நிரம்பியிருந்தது. டீக்கடைக்காரர் கேட்காமலேயே டீயை மட்டும் கொடுத்தார். தம் அடிக்க வெளியே போன கூட்டாளிகள் உன்னைக் கூப்பிடவில்லை. "சாமி" என்று தள்ளி நின்றார்கள். அம்மாவும் உன் மனைவியும் உனக்காக வீட்டையே மாற்றி வைத்தார்கள். "உன்னால முடியுமா?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்திருந்தது, அதனால் ஊரே உதவியது.

உடம்பின் கணக்கையும் கேள். நிகோடின் சில நாட்களில் உடம்பைவிட்டுப் போய்விடும். விட்டதால் வரும் எரிச்சல், தூக்கக்கேடு எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியானால் மலையேறும்போது நீ அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டிருந்தாய். மாலையைக் கழற்றிய மறுநாள், அதே டீக்கடையில், அதே ஆட்களோடு, ஒன்று பற்றவைத்தாய். மாலையோடு சேர்த்து அந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நாளில் கழன்றுபோனதுதான் காரணம். ரமலான் மாதம் முழுக்கப் பகல் நேரத்தில் சிகரெட்டைத் தொடாமல் இருந்துவிட்டு, நோன்பு திறந்ததும் தேடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். விட முடியாதவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்களில் பலர் ஏதோ ஒரு சமயம் விட்டுக் காட்டியவர்கள்தான். இந்தத் தடவை மாலை இல்லை. அந்த ஏற்பாட்டை நீயாகச் செய்துகொள்ள வேண்டும். யாரிடமும் சொல்லாமல் அதைச் செய்ய முடியாது.

சொல்லிவிட்டுத் தவறிப்போனால்? இதுதானே உன் பயம். ஆலோசனை அறைக்கு ஒரு பஸ் டிரைவர் வருவார். பத்து நாள் ஓட்டிவிட்டு ஒருநாள் டிப்போவில் ஒன்று பிடித்துவிட்டார். மறுவாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மாத்திரை வாங்க வந்தவரை வராந்தாவில் மடக்கினேன். "உங்க மூஞ்சில எப்படி சிஸ்டர் முழிக்கிறது?" என்றார். ஒரு சிகரெட் அவருக்குச் செய்த கெடுதலைவிட அந்த வெட்கம் செய்த கெடுதல் பெரிது. ஒன்று பிடித்தவர் இரண்டு வாரத்தில் பழைய கணக்குக்கே போயிருந்தார். திரும்பி வந்து சொன்னவர்களை எங்களால் பிடித்துக்கொள்ள முடிந்தது. வெட்கப்பட்டு ஒதுங்கினவர்களைத்தான் இழந்தோம். அந்த டிரைவர் பிறகு ஒழுங்காக வந்தார். நான் ஓய்வுபெறும்போது அவர் புகைப்பதில்லை.

ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத்தான் வருஷக்கணக்காக ஆராய்ந்தார். ஒருமுறை சறுக்குவது வேறு, பழையபடி முழுசாக விழுவது வேறு என்று பிரித்துக் காட்டினார். சறுக்கியவன், "ஒண்ணு பிடிச்சாச்சு, இனி என்ன, நான் லாயக்கில்லை" என்று நினைக்கிறானே, அந்த நினைப்புதான் முழுசாகத் தள்ளிவிடுகிறது என்றார். உன் தொழிலில் ஒரு பீஸில் ஓட்டை வந்தால் லாட்டையே கொளுத்திவிடுவீர்களா? எந்த மெஷின், எந்த ஷிஃப்ட் என்றுதானே பார்ப்பீர்கள்? அதற்காக, ஒன்று பிடித்தால் பரவாயில்லை என்று அத்தை அனுமதி கொடுத்ததாக எடுத்துக்கொள்ளாதே. ஒன்றே ஒன்று என்று ஆரம்பித்து உள்ளே இழுக்கப்பட்டவர்கள்தான் அதிகம். தீ வேண்டாம் என்று நினைக்கிற வீட்டிலும் தீயணைக்க வழி தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் சறுக்கினால் என்ன செய்வேன் என்பதை, சறுக்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வை. கையில் இருப்பதை அப்போதே அணைக்க வேண்டும். மிச்சம் இருந்தால் தண்ணீரில் போட வேண்டும். எங்கே இருந்தேன், கூட யார், மணி என்ன, அதற்குமுன் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். ஒருத்தருக்குப் போன் செய்ய வேண்டும். அன்றே, அந்த மணியிலிருந்தே தொடர வேண்டும். "திங்கட்கிழமையிலிருந்து புதுசா" என்று தள்ளினால், அந்தத் திங்கட்கிழமைக்குள் ஒரு பாக்கெட் தீர்ந்திருக்கும்.

இனி ஏற்பாட்டு வேலை. தேதி குறிப்பதற்குமுன் ஒரு வாரம், பிடிக்கிற ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்: நேரம், இடம், கூட இருந்தவர். இப்போதே குறைக்கக்கூட வேண்டாம். எழுந்த அரைமணிக்குள் முதல் சிகரெட் தேவைப்பட்டால் உன் உடம்பு நிகோடினை அதிகம் நம்பியிருக்கிறது என்று பொருள். அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல். நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இருக்கிறது. உனக்கு எது என்று அவர் சொல்வார். வேறு மாத்திரைகளும் உண்டு. சூயிங்கத்தை வாங்கி, சாதாரண பபுள்கம் போலச் சவைத்துவிட்டு, "விக்கல்தான் வருது, பிரயோஜனமில்லை" என்று எறிந்தவர்கள் பலர். மெதுவாக மெல்ல வேண்டும். நாக்கில் சுரீரென்றதும் நிறுத்திக் கன்னத்தில் அதக்கிக்கொள்ள வேண்டும். அது அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அரைமணி நேரம் இப்படி. டீ, காபி, ஜூஸ் குடித்த கால்மணிக்குள் போட்டால் மருந்து வாயில் சரியாக ஏறாது.

டீயைப் பற்றி இன்னொன்று. சிகரெட் புகை, உடம்பு காஃபினை வேகமாகக் கழிக்கும்படி செய்கிறது. விட்டபிறகு அதே நாலு டீ உடம்பில் அதிக நேரம் தங்கும். கை நடுங்கும், படபடக்கும், தூக்கம் வராது. பலரும் அதைச் சிகரெட் கேட்கிறது என்று தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். டீயைப் பாதியாக்கு. காலையில் ஒன்று பிடித்தால்தான் வயிறு கழியும் என்றும் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாய். விட்ட சில வாரங்கள் மலச்சிக்கல் வருவது உண்மைதான். எழுந்ததும் வெந்நீர், இரவில் பழம், கீரை என்று சமாளித்தால் சரியாகிவிடும். இருமல் கொஞ்சம் கூடுவதாகத் தோன்றலாம். நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிற வேலை அது. ஆசை எவ்வளவு பலமாக வந்தாலும் சில நிமிஷங்களில் தணியும். அந்த நிமிஷங்களுக்குக் கையில் ஒரு வேலை வைத்துக்கொள்.

நீ பெட்டிக்கடையில் ஒற்றை ஒற்றையாக வாங்குகிறவன். அதனால் பாக்கெட்டை நீ சரியாகப் பார்த்தே இருக்க மாட்டாய். 2018 செப்டம்பரிலிருந்து அதன்மேலேயே ஓர் எண் அச்சிடுகிறார்கள்: 1800-11-2356. கட்டணமில்லை. தமிழிலும் பேசுவார்கள். விட நினைக்கிறவர்களுக்காக அரசே நடத்துவது. உன்னைத் தெரியாத ஒருவரிடம் முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது.

இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம் என்று கேட்பாய். பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் அவருடைய கூட்டாளிகளும் 1951இல் தொடங்கி 50 வருஷம் டாக்டர்களையே தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2004இல் வந்தது. 30 வயதில் விட்டவர்கள், தொடர்ந்து புகைத்தவர்களைவிடச் சுமார் 10 வருஷம் கூடுதலாக வாழ்ந்தார்கள். 40இல் விட்டால் 9 வருஷம், 50இல் 6, 60இல் 3. உனக்கு இன்னும் நாற்பதாகவில்லை. இதில் உனக்கு இன்னொரு ஆறுதலும் உண்டு. நுரையீரலை அறுத்துப் பார்த்துப் படித்தவர்களே அந்தக் காலத்தில் புகைத்துக்கொண்டிருந்தார்கள். டாலும் புகைத்தவர்தான், தன்னுடைய ஆராய்ச்சியின் முடிவுகளைப் பார்த்துவிட்டு விட்டார். உனக்கும் கெடுதல் தெரியாமலா இருக்கிறது? அறிவு குறைவு என்று உன்னை நீயே திட்டிக்கொள்வதை இத்தோடு நிறுத்து.

இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி பார். ஷிப்மெண்ட் இருந்தாலும் பரவாயில்லை. அந்தத் தேதியை உன் மனைவியிடமும் அம்மாவிடமும் கூட வேலை செய்கிற ஒருவரிடமும் சொல். மாமனாரிடமும் சொல்லிவிடு, அவர் ஒருமுறை சிரித்துத் தீர்த்துவிட்டால் அந்தக் கவலையும் முடிந்தது. ஆனால் போன தடவை போலச் சத்தியம் செய்யாதே. பாப்பா தலையில் கைவைக்கிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம். சத்தியம் செய்தவன் தவறினால் மறைக்கத்தான் பார்ப்பான். "இந்தத் தேதியிலிருந்து விடப்போறேன். தவறிட்டா மறைக்க மாட்டேன், வந்து சொல்றேன்" என்று மட்டும் சொல். நீ கொடுக்க வேண்டிய வாக்கு அது ஒன்றுதான். அதைக் காப்பாற்றுவது முழுக்க உன் கையில் இருக்கிறது. இந்த முயற்சியில் அந்த ஒன்றுக்கு மட்டும் நான் உத்தரவாதம் தருவேன்.

போன் செய்ய வேண்டிய அந்த ஒருத்தர் யார் என்று யோசித்தால், என் பெயரை எழுதிக்கொள். ராத்திரி எத்தனை மணியானாலும் சரி. "ஏன்டா இப்படிச் செஞ்சே" என்று கேட்க மாட்டேன். எங்கே இருந்தாய், கூட யார் என்று மட்டும் கேட்பேன். பதிலைச் சேர்த்து எழுதிக்கொண்டு, அடுத்த ஏற்பாட்டை இரண்டு பேருமாகப் பார்ப்போம்.

தேதியை இந்த வாரமே தெரியப்படுத்து.

இப்படிக்கு,
உன் அத்தை